28 சென்டிமீட்டர் மூவடுக்குக் கடாய்: நான்கு முறை பழச்சட்னி கிண்டிய பிறகு

முதல் முறை பழச்சட்னி செய்தபோது, கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமும் வீணாகிவிட்டது. செங்காய்ப் பருவத்து மாங்காய் ஒன்றரைக் கிலோ, அரை லிட்டர் வினிகர், அரைக் கிலோ சர்க்கரை, இஞ்சி, உலர்திராட்சை, காய்ந்த மிளகாய் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பக்கத்திலேயே நின்று கிளறினேன். நன்றாகச் சுண்டி, நிறம் ஏறி வரும் நேரத்தில் லேசாக ஒரு தீய்ந்த வாசனை. அடியில் பிடித்ததைத் தொடாமல் மேலாக எடுத்துப் பார்த்தேன். அப்படியும் ஒவ்வொரு வாயிலும் அந்தக் கசப்பு இருந்தது.

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "எதுல செஞ்ச?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. "உயரமான எவர்சில்வர் பாத்திரம்க்கா, அடி கனமாத்தான் இருக்கு" என்றேன். "அடி மட்டும் கனமா இருந்தா போதாதுடா, அகலமா இருக்கணும். விளிம்பும் கனமா இருக்கணும்" என்றாள். அதன் பிறகு வாங்கியதுதான் இந்த மூவடுக்குக் கடாய். மாங்காயில் இரண்டு முறை, ஆப்பிளில் ஒரு முறை, அன்னாசியில் ஒரு முறை என நான்கு தடவை இதில் செய்துவிட்டேன். ஒரு தடவைகூட அடிப்பிடிக்கவில்லை.

அக்கா சொன்ன விளிம்புதான் விஷயம். பழைய பாத்திரத்தில் அடித்தட்டில் மட்டும் ஒரு கனமான வட்டு ஒட்டியிருந்தது. வட்டு முடிகிற இடத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே வெறும் மெல்லிய எவர்சில்வர். அடுப்பின் தீ அந்த வளையத்தில் நேராகப் படும். சட்னி தீய்ந்ததும் சரியாக அந்த வட்டத்தில்தான். கழுவும்போது கறுப்பு வளையமாகவே தெரிந்தது. இந்தக் கடாயில் உள்ளேயும் வெளியேயும் எவர்சில்வர், நடுவில் அலுமினியம், அந்த அலுமினியம் விளிம்பு வரை ஏறிப் போகிறது. எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் சூடு ஓரிடத்தில் தேங்காமல் பரவிவிடுகிறது. வினிகர் படுவது எவர்சில்வரில்தான் என்பதால் உலோக ருசியும் ஏறுவதில்லை. வெறும் அலுமினியத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ இந்தச் சட்னியைச் செய்யவே கூடாது.

அடுத்தது அகலம். பழைய பாத்திரம் 20 சென்டிமீட்டர், இது 28. கேட்க எட்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே அளவுக் கலவை இதில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆவி தாராளமாக வெளியேறுவதால், முன்பு ஒன்றேகால் மணி நேரம் பிடித்த வேலை இப்போது ஐம்பது நிமிடத்தில் முடிகிறது. நேரம் மிச்சம் என்பதைவிட எனக்குப் பெரிய சந்தோஷம் நிறத்திலும் மணத்திலும். குறைந்த நேரம் கொதிப்பதால் மாங்காய்த் துண்டு துண்டாகவே நிற்கிறது, இஞ்சியின் வாசமும் போகவில்லை.

செய்முறையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. பழத்தை முதலில் வினிகரில் மட்டும் வேகவிட்டு, மெத்தென்று ஆன பிறகே சர்க்கரை போடுகிறேன். சர்க்கரை முதலிலேயே விழுந்தால் பழம் மெதுவாகத்தான் வேகும், அடியிலும் சீக்கிரம் பிடிக்கும். பதம் பார்க்க, கடாயின் அடி தெரியும்படி மரக்கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்த வழியில் நீர் உடனே ஓடி வந்து நிரம்பினால் இன்னும் கொதிக்க வேண்டும். ஓரிரு நொடி வழி அப்படியே நின்றால் போதும். அகலக் கடாயில் இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. கனம் அதிகம். நிரம்பிய கடாயை ஒரு கையால் தூக்கிச் சாய்க்க முடியாது, அதனால் அகப்பையால் எடுத்துத்தான் பாட்டிலில் நிரப்புகிறேன். கைப்பிடியும் எவர்சில்வர் என்பதால் அரை மணி நேரத்தில் சுட ஆரம்பித்துவிடும், பக்கத்தில் துணி இருக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகும் சூடு வெகுநேரம் நிற்பதால், நினைத்த பதத்துக்குக் கொஞ்சம் முன்பே அணைத்துவிட வேண்டும். இரண்டாவது முறை இதை மறந்துவிட்டேன், ஆறியதும் சட்னி அல்வாபோல் இறுகிவிட்டது. அப்புறம், உப்பைக் கொதி வந்த பிறகே போடுங்கள். ஆறிய நீரில் கரையாமல் அடியில் தங்கும் உப்பு எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். என் கடாயில் அப்படி மூன்று புள்ளிகள் விழுந்துவிட்டன, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. வானவில் நிறத்தில் படியும் கறை அப்படியல்ல, ஒரு ஸ்பூன் வினிகர் ஊற்றித் துடைத்தால் போய்விடும்.

எப்போதாவது ஒரு சிறு கிண்ணம் அளவுக்குச் செய்பவர்களுக்கு இது தேவையில்லை. அகலம் அதிகம் என்பதால் கொஞ்சமாகப் போட்டால் சட்டென்று வற்றிவிடும். ஒரு கிலோவுக்குக் குறையாமல் பழம் எடுப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது, நடு அடுக்கு விளிம்பு வரை போகிறதா, அடித்தட்டோடு நின்றுவிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

போன வாரம் செய்த அன்னாசிச் சட்னி நான்கு பாட்டில் வந்தது. கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தெடுத்த பாட்டிலில் சூடாகவே நிரப்பி, உள்பக்கம் பூச்சுள்ள மூடியால் மூடியிருக்கிறேன். வெறும் தகர மூடியை வினிகர் அரித்துவிடும். வினிகரின் காரம் தணிய ஒரு மாதமாவது வேண்டும். அதுவரை ஒன்றையும் திறக்கப் போவதில்லை. முதல் பாட்டில் அக்காவுக்கு.