பிசிஎம் கோளாறு: போர்டு வேலையா, கழற்றிய பெட்டியா, புதுசா?

இண்டிகேட்டர் தானாக எரிகிறது. சென்ட்ரல் லாக் ஓடும்போதே திறந்து மூடுகிறது. வைப்பரை நிறுத்தினாலும் நிற்கவில்லை. ராத்திரி நிறுத்திய வண்டிக்குக் காலையில் பேட்டரி இல்லை. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே, விளக்கு, வைப்பர், லாக் ஆகியவற்றை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலை (BCM) காட்டி "பிசிஎம் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். அதன் பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன: இருக்கும் பெட்டியின் சர்க்யூட் போர்டைச் சரிசெய்வது, இன்னொரு வண்டியில் கழற்றிய பெட்டியை வாங்கிப் போடுவது, கம்பெனி புதுப் பெட்டியைப் போட்டு கோடிங் செய்வது, அதாவது வண்டியின் விவரங்களை அதில் எழுதுவது. வாரன்டி முடிந்த வண்டிக்கு எங்கள் வரிசையும் இதுதான். பெட்டியின் மூளையான பிராசசர் சிப் செத்திருந்தால் மட்டும் இந்த வரிசை மாறும். வாரன்டி இருக்கும் வண்டியில் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்காதீர்கள், நேராக ஷோரூமுக்குக் கொண்டுபோங்கள்.

பழுது பெட்டியில்தானா?

பேட்டரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனைகள். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழும் பேட்டரி, நல்ல பிசிஎம்மையும் கிறுக்குப் பிடித்ததாகக் காட்டும்.

அடுத்தது எர்த். ஹெட்லைட், ஏசி பிளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மற்றதைப் பிசிஎம் கப்ளரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பியூஸ் வழியாக வரும் பவர் லைன்களை வெறும் மீட்டரால் நம்ப முடியாது. ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கும் ஒயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். அந்த லைனில் 21 வாட் பல்பை மாட்டினால் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். அப்போது பல்பு மங்கினால் குற்றம் ஒயரில்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி கப்ளரின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். 60 வந்தால் கேன் லைன் (மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர்) சரி. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். கேட்வே மாட்யூல் (ஓபிடி கப்ளருக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவே நிற்கும் பெட்டி) உள்ள வண்டிகளில் இந்த அளவு கேட்வே வரைக்கும் மட்டுமே பேசும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்கேனரில் யு0140 (U0140) என்ற பழுதுக் கோடு (code) வந்தால் அது "பிசிஎம்மோடு பேச முடியவில்லை" என்ற புகார் மட்டுமே. அந்தப் பெட்டிக்குப் பவர் வராவிட்டாலும் அதே கோடுதான் வரும். கேன் தொடர்பு அறுந்ததும் பாதுகாப்புக்காக ஹெட்லைட் தானாக எரியும்படி அமைத்த வண்டிகளும் உண்டு. அதை ரிலே ஒட்டிக்கொண்டதாக எண்ணிவிடக் கூடாது.

முடிவைத் தீர்மானிப்பது ஸ்கேனரின் லைவ் டேட்டா, அதாவது பெட்டி அந்த நொடியில் என்ன பார்க்கிறது என்று காட்டும் திரை. இடது இண்டிகேட்டர் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சைத் தள்ளும்போது ஸ்கேனரில் "ஆஃப்" என்பது "ஆன்" ஆக மாறவில்லை என்றால் சுவிட்சையோ அதன் ஒயரையோ பாருங்கள். மாறுகிறது என்றால் ஆக்டிவ் டெஸ்டில் (ஸ்கேனரிலிருந்தே பெட்டிக்குக் கட்டளை கொடுக்கும் சோதனை) இடது இண்டிகேட்டரை ஓட்டிவிட்டு, பிசிஎம்மின் அவுட்புட் பின்னில் டெஸ்ட் பல்பை வையுங்கள். பல்பு மின்னினால் பெட்டி தன் வேலையைச் செய்கிறது, பழுது அதற்கு வெளியே. பவர், எர்த் எல்லாம் சரியாக இருந்தும் கட்டளை போன பின்னில் ஒன்றும் வரவில்லை என்றால் பெட்டியைக் குற்றம் சொல்லலாம். எல்இடி மாற்றிய பிறகு இண்டிகேட்டர் வேகமாக அடிப்பது பழுதே அல்ல. லோடு குறைந்ததால் பல்பு போய்விட்டது என்று பெட்டி நினைக்கிறது.

ஏற்காட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கும் வண்டியில், வைப்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டுக்குள் இலை அடைத்துக்கொள்ளும். வடிகால் துளை மூடிய பிறகு மழைத் தண்ணீர் ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டே டேஷ்போர்டுக்குள் இறங்கும். பல மாடல்களில் பிசிஎம் அங்கேதான், டிரைவர் பக்கம் அல்லது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், உட்கார்ந்திருக்கிறது. கால் மிதியடியைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எந்தப் பெட்டி போட்டாலும் அடுத்த மழையில் அதற்கும் அதே கதி.

போர்டு வேலை

இதன் பெரிய பலம், சாவியும் இம்மொபிலைசரும் (பதியாத சாவிக்கு இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு) கோடிங்கும் அப்படியே இருப்பது. பழுதான பாகம் மட்டும் மாறுகிறது. ரிலே காலில் சோல்டர் விரிசல், உள்ளே ஒட்டிக்கொண்ட ரிலே, எரிந்த டிரைவர் ஐசி (அவுட்புட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சிப்), பச்சை பூத்த டிராக் (போர்டின் செம்புக் கோடு) ஆகிய நான்கும் போர்டில் சரிசெய்யக்கூடியவை. ரிலே மாற்றும்போது காயில் 12 வோல்ட், கான்டாக்ட் ஆம்பியர், கால்களின் அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும். தண்ணீர் பட்ட போர்டை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, 50 முதல் 60 டிகிரி சூட்டில் நன்றாக உலர்த்தி, வேலை முடிந்ததும் பாதுகாப்புப் பூச்சு அடிக்க வேண்டும். ஹேர் டிரையரால் மேலோட்டமாகக் காய வைத்துத் திருப்பித் தருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஐசிக்கு அடியில் தங்கிய ஈரம் மறுபடி அரிக்கும்.

இது தோற்கும் இடங்களும் தெளிவானவை. பல அடுக்குப் போர்டின் உள் அடுக்கில் அரிப்பு ஏறினால் வெளியே ஜம்பர் போட்டுத் தீராது. டிரைவர் ஐசி எரிந்ததற்குக் காரணமான ஷார்ட் ஒயர் இன்னும் வண்டியில் இருந்தால் புது ஐசியும் எரியும். அதனால் போர்டைக் கொடுக்கும் முன் அந்த அவுட்புட்டின் லோடை அளந்துவிடுங்கள். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் அளவில் இழுக்க வேண்டும். அதைவிட வெகுவாக ஏறினால் முதலில் ஒயரிங்கைப் பிரியுங்கள். எலி கடித்த இடமும், வெட்டி ஒட்டி மாட்டிய ஆட்டோ ஆலாரமும்தான் பெரும்பாலும் சிக்கும்.

கழற்றிய பெட்டி

ஷெவர்லே போல, 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனியின் வண்டிக்கு இதுவே கைகொடுக்கலாம். சென்னைப் புதுப்பேட்டை வரை போன் போட்டால் பெட்டி கிடைக்கும். அது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். பின் வைப்பர், ஃபாக் லைட், மடங்கும் கண்ணாடி இல்லாத வேரியன்டின் பெட்டியை டாப் மாடலில் போட்டால் கப்ளர் உட்காரும், பாதி வசதி வேலை செய்யாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதனால் பில் இல்லாத பெட்டியை, மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கப்ளர் பின்னில் வெண்மை, மூடியின் ஓரத்தில் சேற்றுக்கோடு, திருகில் துரு, இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இம்மொபிலைசர் பிசிஎம்மிலேயே இருக்கும் வண்டியில் கழற்றிய பெட்டியை அப்படியே மாட்டினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. பழைய பெட்டியின் ஈஈப்ராம் (டேட்டாவைச் சேமிக்கும் மெமரி சிப்) அல்லது பிராசசரின் டேட்டாவை எடுத்து, வாங்கிய பெட்டியில் எழுத வேண்டும். எட்டுக் கால் ஈஈப்ராமாக இருந்தால் கிளிப் மாட்டியே படிக்கலாம். ஒருமுறை படித்ததை நம்பாமல் இரண்டாவது முறையும் படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வாங்கிய பெட்டியின் சொந்த டேட்டாவையும் தனியாகச் சேமித்துவிட்டுத்தான் அதன் மேல் எழுத வேண்டும். போர்டு வேலைக்குக் கொடுக்கும்போதும் சூடு வைக்கும் முன்பே இந்த டேட்டாவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிராசசர் செத்து டேட்டாவும் படிக்க முடியாமல் போனால், கழற்றிய பெட்டி வாங்குவதில் அர்த்தம் குறைவு.

புதுப் பெட்டி

செலவு அதிகம், தலைவலி குறைவு. வாரன்டியும் வரும். ஆனால் அது வெற்றுப் பெட்டி. சேஸ் நம்பர், வேரியன்ட் விவரம், இம்மொபிலைசர் எல்லாம் கம்பெனி ஸ்கேனரில் எழுதப்பட வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டுபோங்கள், அன்று பதியாத சாவி பிறகு ஸ்டார்ட் செய்யாது. எழுதும்போது பேட்டரியோடு சப்போர்ட் சார்ஜர் போட்டு 13.5 வோல்ட் அளவில் நிறுத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாதியில் வோல்ட் விழுந்தால் புதுப் பெட்டியே பிணமாகிவிடும். மாட்டிய எலக்ட்ரானிக் பாகத்தைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் "போட்டுப் பார்ப்போம்" என்பவரிடம், லைவ் டேட்டா, ஆக்டிவ் டெஸ்ட் முடிவுகளைக் காட்டிவிட்டு ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது

எந்தப் பெட்டியானாலும் வேலை ஒன்றுதான். டிரைவர் கண்ணாடியை இறக்கி வையுங்கள், லாக் விழுந்தால் உள்ளே போக வழி வேண்டும். கப்ளர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 10 நிமிடம் விடுங்கள். பக்கத்தில் ஏர்பேக் ஒயர் போகும், அவசரம் கூடாது. கப்ளரை லாக் நெம்புகோல் வழியாகத்தான் எடுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் வளையும். மாட்டிய பிறகு ஸ்கேனரில் பழுதுக் கோடுகளை அழித்து, ஒவ்வொரு கண்ணாடியையும் மேலே ஏற்றிச் சுவிட்சைச் சில நொடி பிடித்து ஆட்டோ அப் (ஒரே தட்டில் கண்ணாடி முழுக்க ஏறுவது) பழக்குங்கள்.

ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஹசார்டு நான்கையும் சமதளத்தில், இருட்டில் ஓட்டிப் பார்க்காமல் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காடு பாதையில் வண்டியை ஏற்றாதீர்கள். மூடுபனியில் வளைவில் லைட் போனால் எதிரே வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது.

கடைசியாக டிரெய்ன் சோதனை, அதாவது நிற்கும் வண்டி பேட்டரியைக் குடிக்கிறதா என்று பார்ப்பது. பானெட்டைத் திறந்து அதன் லாக்கையும், திறந்து வைத்த கதவின் லாக்கையும் ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். வண்டியை லாக் செய்து, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளில் தொடராக ஆம்பியர் மீட்டர் போடுங்கள். மாட்யூல்கள் தூங்க 30 முதல் 40 நிமிடம் ஆகலாம். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் பியூஸைப் பிடுங்காமல், அதன் தலையில் உள்ள இரண்டு சோதனைப் புள்ளிகளில் மில்லி வோல்ட் பாருங்கள். பிடுங்கித் திருப்பிப் போட்டால் தூங்கிய மாட்யூல் எழுந்துகொள்ளும், இன்னொரு 40 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.