வருஷக்கணக்கா போன் ஹாட்ஸ்பாட்லயே கணக்கு வேலை பாக்குறேன், என்னோட அனுபவம்

மன்னார்குடி பக்கம் கணக்கு எழுதுறது என் தொழில். ரைஸ் மில்லு, உரக்கடை, ஹார்டுவேர் கடைனு கைல கொஞ்சம் பார்ட்டிங்க இருக்காங்க, டேலி சாஃப்ட்வேர்ல கணக்கு போடுறது, மாசாமாசம் 11ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1 (வித்த கணக்கு காட்டுற ரிட்டர்ன்), 20ம் தேதிக்குள்ள 3பி (வரி கட்டுற ரிட்டர்ன்), இதான் பொழப்பு. பாதி நாள் அவங்க கடையிலயே லேப்டாப்ப விரிச்சு உக்காரணும், பில்லு கட்டெல்லாம் அங்கதான இருக்கு. அதனால நெட்டும் என் கூடவே வரணும். போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி லேப்டாப்ல இழுத்துக்கிறதுதான் பல வருஷமா என் வழி. "ஹாட்ஸ்பாட்ல போய் முழு நேர வேலையா"னு கேக்குறவங்க நிறைய பேரு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

2017 ஜூலைல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் டேட்டா கார்டுதான் வச்சிருந்தோம், பென் டிரைவ் மாதிரி லேப்டாப்ல சொருகுறது. அதுல ஒரு தொல்லை, லேப்டாப் எங்க இருக்கோ சிக்னலும் அங்கயே கிடைக்கணும். ரைஸ் மில்லு ஆபீஸ் ரூம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், மேல தகர ஷீட்டு, சுத்தி இரும்பு ஷட்டரு, நெல்லு மூட்டை அடுக்கு. தகரத்த தாண்டி டவர் சிக்னல் உள்ள வர்றது ரொம்ப கஷ்டம். ஹாட்ஸ்பாட் வந்தப்புறம் போன கொண்டுபோய் ஜன்னல் திண்டுல வச்சிட்டு நான் உள்ள ஃபேனுக்கு அடில உக்காந்துக்கலாம். வயர் இல்லாம ஷேர் பண்றதுல உண்மையான லாபம் இதான், சிக்னல் கிடைக்கிற இடம் வேற, நாம வேலை பாக்குற இடம் வேறன்னு பிரிச்சு வச்சுக்கலாம். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு இறங்குனதும் டேட்டா கார்ட யாரும் சீண்டவே இல்ல.

ஸ்பீடு பத்தி மொதல்ல சொல்லிடுறேன், அது பெரிய விஷயமே இல்ல. ஜிஎஸ்டி போர்ட்டலு, டேலி, பார்ட்டி கம்ப்யூட்டருக்குள்ள போய் பாக்குற எனிடெஸ்க் இதெல்லாம் சாதாரண 4ஜிலயே ஓடும். எனிடெஸ்க்குக்கு வேகத்த விட தாமதம் கம்மியா இருக்குறதுதான் முக்கியம், மவுஸ நகத்துனா அங்க உடனே நகரணும். சாயங்காலம் ஊரே ரீல்ஸ் பாக்குற நேரத்துல டவர்ல கூட்டம் ஏறிடும், போன்ல சிக்னல் கட்டை ஃபுல்லா காட்டும் ஆனா பேஜ் சுத்திகிட்டே நிக்கும். கட்டைய நம்பாதீங்க, அது டவரு நல்லா கேக்குதான்னு மட்டும்தான் சொல்லும், அந்த டவர்ல எத்தன பேரு தொங்குறாங்கன்னு சொல்லாது. பெரிய ஃபைல் அப்லோடெல்லாம் நான் காலைல 7 மணிக்கே முடிச்சிடுவேன்.

உண்மையான பிரச்சனை என்னன்னா ஒரே போன்ல பேசவும் செய்யணும், லேப்டாப்புக்கு நெட்டும் குடுக்கணும், ஒரே மாட்ட ஏருக்கும் வண்டிக்கும் சேத்து பூட்டுற கதை. ரெண்டு சிம் போட்ட போன்ல டேட்டா ஒரு சிம்ல ஓடுதுன்னு வச்சுக்கோங்க, இன்னொரு சிம்முக்கு கால் வந்து எடுத்தீங்கன்னா நிறைய போன்ல அந்த நிமிஷமே டேட்டா நின்னுடும், ஏன்னா ரெண்டு சிம்முக்கும் சேத்து உள்ள ஒரே ரேடியோதான். 20ம் தேதி சாயங்காலம் எனிடெஸ்க்ல பார்ட்டியோட டேலிக்குள்ள இருக்கும்போது "ஏம்மா, ரிட்டர்ன் போட்டாச்சா"னு இன்னொரு பார்ட்டி கால் பண்ணுவாரு, அவர்கிட்ட "போட்டுகிட்டுதான் இருக்கேன் ஐயா"னு சொல்லும்போதே அந்த எனிடெஸ்க் அறுந்திருக்கும். டேட்டா எந்த சிம்ல ஓடுதோ அதே சிம்ல கால் வந்தா, வோல்ட்டி (4ஜி வழியாவே பேசுற வசதி) இருந்தா, ரெண்டும் ஒண்ணா ஓடும், அதுல தொல்லை இல்ல. செட்டிங்ஸ்ல "கால் நேரத்துல மத்த சிம் டேட்டா"ங்குற மாதிரி ஒரு ஆப்ஷன் சில போன்ல இருக்கு, அத ஆன் பண்ணா டேட்டா தற்காலிகமா அந்த சிம்முக்கு தாவிக்கும், ஆனா தாவும்போது ஐபி (நெட்ல நமக்கு இருக்குற முகவரி நம்பர்) மாறிடுறதால ஓடிகிட்டு இருக்குற ரிமோட் கனெக்ஷன் எப்படியும் ஒரு தடவை கட்டாகும். ரெண்டு வேலைக்கும் ஒரே நம்பர் வச்சுக்கிறது, இல்லன்னா ஹாட்ஸ்பாட்டுக்குன்னு தனி போன், இது ரெண்டுல ஒண்ணுதான் வழி.

டேட்டா தீர்ற கதைக்கு வருவோம். ஜிஎஸ்டி வேலைல டேட்டா செலவே ஆகாது, நாளெல்லாம் போர்ட்டல்ல கிடந்தாலும் சில நூறு எம்பி தாண்டாது. சாப்பிடுறது லேப்டாப்பு பின்னாடி பண்ற வேலைங்கதான், விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ் சிங்க், ஆன்டிவைரஸ். லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்டுன்னா ஏதோ ஒரு வைஃபை, அவ்ளோதான், எல்லையில்லாத நெட்டுன்னு நினைச்சு ஜிபி கணக்குல இறக்கும். தினம் 1.5 ஜிபி பிளான்ல இது தாங்குமா? தீந்ததும் ஸ்பீடு 64 கேபிபிஎஸ்க்கு வந்துடும், அதுல போர்ட்டலோட கேப்ட்சா படம் வந்து சேர்றதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். இதுல ஒரு கூத்து என்னன்னா, டெய்லி கோட்டா புதுசாகுறதும் ராத்திரி 12 மணி, டியூ டேட் முடியுறதும் அதே 12 மணி. அதுக்கப்புறம் போட்டா 3பிக்கு நாளுக்கு 50 ரூபா லேட் ஃபீஸ், வரி எதுவும் இல்லாத நில் ரிட்டர்னுன்னா 20 ரூபா. அதனால 11, 20ம் தேதிகள்ல டேட்டா வவுச்சருக்கு கஞ்சத்தனம் பாக்குறதில்ல.

இதுக்கு மருந்து லேப்டாப்லயே இருக்கு. வைஃபை லிஸ்ட்ல உங்க ஹாட்ஸ்பாட் பேரோட பிராப்பர்டீஸ்க்குள்ள போனா "மீட்டர்டு கனெக்ஷன்"னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத ஆன் பண்ணிடுங்க. அப்டேட் பெரும்பாலும் நின்னுடும், ஒன்டிரைவும் அடங்கிடும். புதுசா ஹாட்ஸ்பாட் ஆரம்பிக்கிற யாருக்கும் நான் மொதல்ல சொல்றது இதத்தான். இந்த செட்டிங் அந்த வைஃபை பேரோட ஒட்டிகிட்டு இருக்கும், அதனால போன் மாத்துனா புது போன்லயும் பழைய ஹாட்ஸ்பாட் பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்து மாறாம வைங்க. லேப்டாப்பு, பிரிண்டரு, டிவி எல்லாம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து ஒட்டிக்கும். அதுக்குன்னு அப்டேட்டே பண்ணாம விட்டுடாதீங்க, செக்யூரிட்டி அப்டேட்லாம் வேணும், எங்கயாவது நல்ல வைஃபை கிடைக்கும்போது விட்டுடுங்க.

5ஜி வந்து இந்த கவலை பாதி குறைஞ்சிருக்கு. 2022 அக்டோபர்ல நாட்டுல ஆரம்பிச்சது, எங்க பக்கம் மெதுவாத்தான் வந்துச்சு. 2024 ஜூலைல ரேட்டு ஏத்துனப்புறம் ஜியோ, ஏர்டெல் ரெண்டுலயும் தினம் 2 ஜிபி, அதுக்கு மேல உள்ள பிளானுக்குத்தான் அன்லிமிடெட் 5ஜின்னு ஆக்கிட்டாங்க, நானும் அதுக்கு மாறிட்டேன். போன்ல 5ஜின்னு காட்டுற வரைக்கும் டெய்லி கோட்டால கைவைக்காது, 4ஜிக்கு இறங்குன உடனே மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும். மில்லுக்குள்ள போனா இறங்கிடும், வாசலுக்கு வந்தா ஏறிடும். அதனால அன்லிமிடெட்டேன்னு மீட்டர்டு சுவிட்ச ஆஃப் பண்ணல.

2.4ஆ 5ஆங்குற கேள்வி. இந்த 5க்கும் 5ஜிக்கும் சம்பந்தமே இல்ல, இது போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்குற வைஃபையோட கிகாஹெர்ட்ஸ். 5 வேகமா இருக்கும், ஆனா ஒரு சுவரு குறுக்க வந்தாலே சோந்துடும். 2.4 வேகம் கம்மி, சுவரத் தாண்டி வரும், ஆனா பஜார் தெருவுல பக்கத்து கடை வைஃபை, புளூடூத், பேக்கரிக்காரர் மைக்ரோவேவ் எல்லாம் அதே பட்டைலதான் இரையுது. ஒரே ரூம்னா 5, ஜன்னல்ல போன் உள்ள நான்னா 2.4, அவ்ளோதான் என் கணக்கு. லேப்டாப்ல ஹாட்ஸ்பாட் பேரே தெரியலன்னு யாராவது சொன்னா முக்கால்வாசி இதான் காரணம், பழைய லேப்டாப்புக்கும் விலை கம்மியான வைஃபை பிரிண்டருக்கும் 5 தெரியாது. ஐபோன் 12, அதுக்கு அப்புறம் வந்ததுல "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி"னு இருக்கும், அத ஆன் பண்ணா 2.4க்கு வந்துடும். செக்யூரிட்டியும் (வைஃபை பூட்டோட வகை) டபிள்யூபிஏ3ன்னு மட்டும் வச்சிருந்தா பழைய சாமான் ஒட்டாது, டபிள்யூபிஏ2வும் சேந்த மாதிரி வைங்க.

பிரிண்டர் ஒரு தனி ரோதனை. ஹாட்ஸ்பாட்ல பிரிண்டரையும் சேத்துட்டா என் போன்ல லேப்டாப்ல இருந்து நேரா பிரிண்ட் போகுது, இன்டர்நெட்டே வேணாம். ஆனா ஆண்ட்ராய்டு 11க்கு முன்னாடி ஹாட்ஸ்பாட்டோட அட்ரஸ் எப்பவும் 192.168.43.1தான், பிரிண்டருக்கு ஒரு ஐபி கட்டிவச்சா கெடந்துச்சு. இப்ப அந்த அட்ரஸ் மாறிகிட்டே இருக்கு, நேத்து அடிச்ச பிரிண்டரு இன்னிக்கு "ஆஃப்லைன்"ங்கும். ஐபி கட்டுறத விட்டுட்டு பிரிண்டர் கம்பெனி ஆப் மூலமா தேடவிட்டாத்தான் சரியா வருது.

சூடு, பேட்டரி, இதுலதான் நிறைய பேரு ஹாட்ஸ்பாட்ட வெறுத்துடுறாங்க. சிக்னல் வீக்கா இருக்குற இடத்துல போன் டவர எட்டுறதுக்கு கூடுதல் பவர்ல கத்தும், அதோட வைஃபையும் பரப்பும், அதோட சார்ஜும் ஏறும், இதெல்லாம் சேந்து சித்திரை வெயில்ல ஜன்னல்ல வச்சா என்ன ஆகும்? கவர கழட்டிடுங்க, நிழல்ல வைங்க, போன்ல 80 சதவீதத்தோட சார்ஜ நிறுத்துற வசதி இருந்தா போட்டுடுங்க. சூடு ஏறுனா போன் தானா வேகத்த குறைச்சிக்கும், நாம நெட்டு ஸ்லோன்னு சிம்ம திட்டுவோம். எனக்கு தெரிஞ்ச ஒரு உரக்கடைல பழைய போன் ஒண்ண ஹாட்ஸ்பாட்டுக்குன்னே ராப்பகலா சார்ஜர்லயே சொருகி வச்சிருந்தாங்க, பேட்டரி உப்பி பின்பக்கம் மூடி தூக்கிருச்சு. நல்லவேளை பாத்தாங்க. நானும் இப்ப ஹாட்ஸ்பாட்டுக்குன்னு தனி பழைய போன்தான் வச்சிருக்கேன், ஆனா அது சார்ஜர்ல குடியிருக்காது, மதியம் சாப்பாட்டு நேரம் கொஞ்சம், அப்புறம் கழட்டிடுவேன். உப்புன பேட்டரிய அமுக்கி மூடி போட்டு திரும்ப யூஸ் பண்ற வேலையெல்லாம் வேணாம், அப்படியே கடைல குடுத்துடுங்க.

உக்கார்ற இடத்துலயே சிக்னல் நல்லா இருந்தா நான் வயர்லயே போட்டுக்குவேன், யூஎஸ்பி டெதரிங். தாமதம் கம்மி, சார்ஜும் ஏறும். ஆனா கம்பெனி பார்ட்டிக்கு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்குற பென் டிரைவ் மாதிரி சாமான்) சொருகணும், மவுஸ் சொருகணும், லேப்டாப்ல இருக்குறதே ரெண்டு ஓட்டை, அதனால திரும்ப வயர் இல்லாததுக்கே வந்துடுவேன். புளூடூத் வழியாவும் ஷேர் பண்ணலாம், பேட்டரி கம்மியாத்தான் தின்னும், ஆனா வேகம் ரொம்ப சொற்பம், மெயில் பாக்கலாம் அவ்ளோதான்.

பாஸ்வேர்டு விஷயத்துல கறாரா இருங்க. மில்லு ஐயா "ஏம்மா, பேரன் லீவுக்கு வந்திருக்கான், அவனுக்கும் கொஞ்சம் நெட்டு குடும்மா"ம்பாரு, மறுக்க முடியுமா? பேரன் ஐபிஎல் மேட்ச டேப்ல போட்டு உக்காந்துடுவான், எச்டில படம் ஓடுனா ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரைக்கும் போகும்னு நெட்ஃப்ளிக்ஸே சொல்லுது, மேட்ச் எத்தன மணி நேரம் நடக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல யார் யாரு ஒட்டிகிட்டு இருக்காங்கன்னு பேரோட காட்டும், சில போன்ல ஆளுக்கு இவ்ளோதான்னு டேட்டா அளவும் கட்டலாம். நான் மாசம் ஒரு தடவை பாஸ்வேர்ட மாத்திடுறேன், ஐயா பேரனுக்கு புதுசு தெரியாது, எனக்கும் வாயத் திறந்து முடியாதுன்னு சொல்ற சங்கடம் இல்ல. இன்னொண்ணு, போன்ல விபிஎன் (நெட்டு போக்குவரத்த பூட்டி அனுப்புற ஆப்) போட்டிருந்தா லேப்டாப்பும் அதுக்குள்ளதான் போகுதுன்னு நினைக்காதீங்க, பொதுவா போகாது, லேப்டாப்ல தனியா போடணும்.

கரன்ட் கட்டுக்கு ஹாட்ஸ்பாட் மாதிரி வராதுன்னு சொல்லுவாங்க, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு அது சரி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் போஸ்ட்டு மரமெல்லாம் சாஞ்சு கிடந்துச்சு, டவரும் சேந்து படுத்துருச்சு, டவர்லயும் பேட்டரிதான இருக்கு, டீசல் ஊத்த ஆள் வர ரோடு இல்ல. போன்ல சார்ஜ் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல.

இப்ப வீட்டுல ஃபைபர் போட்டாச்சு, வெளில போறப்பதான் ஹாட்ஸ்பாட். ரெண்டும் வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், லேப்டாப்ல ஹாட்ஸ்பாட் பேருக்கு "ஆட்டோமேட்டிக்கா கனெக்ட் பண்ணு"ங்குற டிக்க எடுத்துடுங்க. ஃபைபர் ஒரு செகண்ட் சிணுங்குனா போதும், லேப்டாப் சத்தமில்லாம ஹாட்ஸ்பாட்டுக்கு தாவி அங்கயே தங்கிடும், ராத்திரி டேட்டா தீந்துச்சுன்னு மெசேஜ் வர்ற வரைக்கும் தெரியாது. போன் பக்கமும் யாரும் ஒட்டலன்னா தானா ஆஃப் ஆகுற டைமர் இருக்கும், வீட்டுல இருக்கும்போது அத ஆன்லயே வைங்க, பார்ட்டி கடைக்கு போறப்ப மட்டும் ஆஃப் பண்ணிக்கோங்க, இல்லன்னா லேப்டாப்ப மூடி வச்சுட்டு பில்லு கட்ட பிரிச்சு எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஹாட்ஸ்பாட் தூங்கிடும், திரும்ப ஜன்னலுக்கு எந்திரிச்சு போகணும்.