வீட்டு மிளகாய்க்கு எந்த விதை: நாட்டு ரகமா, வீரிய ஒட்டா?

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து ஆண்டுகளாக மிளகாயை விதை போட்டே வளர்த்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு (ஹைபிரிட்) விதை. அதன் பிறகு இராமநாதபுரத்திலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த குண்டு மிளகாய் விதை. இரண்டையும் வளர்த்துப் பார்த்த பின் நாட்டு விதையே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுக்கு விளைச்சலும் காரமும் காரணமல்ல.

மளிகைக் கடை வற்றலை உடைத்து விதை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் களத்துச் சூட்டில் காய்ந்து மூட்டையில் எத்தனை மாதம் கிடந்தது என்றே தெரியாத விதை அது. நான் 20 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்ததில் 6 மட்டுமே முளைத்தன. அவை என்ன ரகம் என்பதும் காய்த்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முளைக்க வைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமலும் தேங்காமலும் பார்த்துக்கொண்டால், நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் முளை தலைகாட்டும். மார்கழிக் குளிரில் இன்னும் சில நாட்கள் பிடிக்கும். தண்ணீர் அதிகமானால் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்து மெலிந்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். இந்த நாற்றழுகலைத் தவிர்க்க ஊன்றும் முன்பே ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை விதையில் புரட்டிக்கொள்வது நல்லது. 35 முதல் 45 நாட்களில் நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம்.

பச்சை மிளகாய் விளைச்சலில் வீரிய ஒட்டுதான் மேல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே அளவில், ஒரே நேரத்தில், கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு செடிகள் தாராளமாகப் போதும். குண்டு மிளகாய் அப்படியன்று. இராமநாதபுரத்தின் மானாவாரி நிலத்தில், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்பட்டுத் தை, மாசிக்கு மேல் பழுக்கும் பயிர் அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயின் அருமை, பழுத்துக் காய்ந்து வற்றலான பிறகே தெரியும். பச்சையாகப் பறித்துச் சட்னி அரைக்க மட்டும் வேண்டுமென்றால் இது உங்களுக்கு ஏமாற்றம் தரும்.

என் முடிவைத் தீர்மானித்தது அடுத்த ஆண்டின் விதை. வீரிய ஒட்டு என்பது இரண்டு தனித்தனிப் பெற்றோர் வழிகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால், இரண்டாம் தலைமுறையில் அந்தப் பண்புகள் பிரிந்து சிதறிவிடும். எங்கள் மாடியில் நல்ல காய்ப்பு தந்த ஒரு செடியின் ஒரே பழத்திலிருந்து எட்டுச் செடிகள் வளர்த்தேன். இரண்டு தாயைப் போலவே நீண்டு காய்த்தன. ஒன்று குட்டையாகப் பருத்த காய் தந்தது. இன்னொன்றின் காய்கள் வானம் பார்த்து நின்றன. மற்றவற்றில் காரமே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. ஐந்து மாத உழைப்புக்குப் பின் இதைப் பார்ப்பது மிகுந்த வருத்தம் தந்தது. ஒவ்வோர் ஆண்டும் பொட்டலம் வாங்கினால் மட்டுமே அந்த விளைச்சல் திரும்ப வரும்.

நாட்டு விதையிலும் கவனம் இல்லாவிட்டால் கலப்பு வரும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கக் கூடியதுதான் என்றாலும், தேனீயும் எறும்பும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் விதைக்கென்று ஒரு நல்ல செடியைத் தேர்ந்தெடுத்து, நாளை விரியப்போகும் வெள்ளை மொட்டுகள் உள்ள கிளைக்குப் பழைய வேட்டித் துணியில் தைத்த சிறு பையை மாட்டி, வாயைத் தளர்வாகக் கட்டிவிடுகிறேன். காலையில் அந்தக் கிளையை விரலால் மெல்லத் தட்டினால் உள்ளேயே மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். மிளகுப் பருமனில் பிஞ்சு தெரிந்ததும் பையைக் கழற்றிக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவைத்தால், பறிக்கும் கைகள் அதைத் தொடாது. அந்தப் பழம் செடியிலேயே முழுக்கச் சிவந்து தோல் லேசாகச் சுருங்கும் வரை காத்திருக்க வேண்டும். விதையை நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு நன்றாக முளைக்கிறது. விதை எடுக்கும்போது கையுறை அவசியம். காரம் இருப்பது விதையில் அன்று, விதை ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சதையில்தான், அது விரலில் பட்டால் எளிதில் போகாது.

இலை முடக்கு இரண்டையும் விடுவதில்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி மடிந்தால் சிலந்திப்பேன் என்று பார்த்து, தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். குண்டு மிளகாய்ச் செடிகள் விரைவில் தேறியதாக எனக்குத் தோன்றியது. ஆனால் பன்னிரண்டு தொட்டிகளை வைத்து அதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

பச்சை மிளகாயும் வேண்டும், விதையும் கையில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. கோவில்பட்டியின் கே 1, பெரியகுளத்தின் பி.கே.எம் 1, பாலூரின் பி.எல்.ஆர் 1 போன்றவை வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ரகங்களே தவிர வீரிய ஒட்டுகள் அல்ல. மேலே சொன்னபடி பை கட்டினால் இவற்றிலும் விதை எடுக்கலாம். ஹைபிரிட் என்றோ, முதல் தலைமுறை ஒட்டைக் குறிக்கும் எஃப் 1 என்றோ அச்சிடாத பொட்டலமாகப் பார்த்து வாங்கினால் போதும். இரண்டே தொட்டி வைக்க இடம் உள்ளவர், விதை எடுக்கும் வேலையே வேண்டாம் என்பவர், தயங்காமல் வீரிய ஒட்டையே வைக்கலாம். நானும் இந்த ஆண்டு அன்றாடச் சமையலுக்காக அதில் ஒரு செடியைக் கீழே வாசலோரம் வைத்திருக்கிறேன். தேனீக்கு மாடி ஒரு தூரமில்லை என்பதால் மேலே குண்டு மிளகாய்க்குப் பை கட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.