ஃபெலனாப்சிஸா, டென்ட்ரோபியமா? சென்னை பால்கனிக்கு ஒரு கணக்கு

நர்சரியில் ஆர்க்கிட் செடிகள் இருக்கும் பக்கம் போனதும் கண்ணை இழுப்பது ஃபெலனாப்சிஸ்தான். வளைந்த காம்பில் வெள்ளையும் ஊதாவுமாக வரிசைகட்டிப் பூ, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு ஆர்க்கிட்டான டென்ட்ரோபியம் பாவம், மெலிந்த கரும்புபோல நாலைந்து தண்டும் உச்சியில் ஒரு கொத்தும்தான். நானும் முதலில் ஏமாந்தது ஃபெலனாப்சிஸிடம்தான். வாங்கிய மூன்றில் இரண்டு செத்தன, மூன்றாவது திரும்பப் பூக்கவே இல்லை.

அது பூக்காததற்குக் காரணம் வெயில் அல்ல, வெப்பம். ஃபெலனாப்சிஸ் புதிதாகப் பூங்காம்பு விட, சில வாரங்கள் தொடர்ந்து 26 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தாண்டினால் இலை மட்டும் வரும். "ராத்திரி ஏசி போடுங்க, பூத்துடும்" என்று பலர் சொல்லிக் கேட்டு, படுக்கையறை ஜன்னலில் ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன். தளதளவென்று இரண்டு இலைகள் வந்தன, அவ்வளவுதான். பிறகுதான் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வைப் பற்றிப் படித்தேன். பூப்பதைத் தீர்மானிப்பது இரவு அல்ல, பகல் வெப்பம்தானாம். பகலில் 29 டிகிரி இருந்தால், இரவை 17-க்கு இறக்கினாலும் பலன் இல்லை. சென்னையில் ஜனவரி மதியமே 29-ஐத் தொட்டுவிடும். ஆக, இங்கே ஃபெலனாப்சிஸ் என்பது இரண்டு மூன்று மாதம் வாடாத பூங்கொத்து. அப்படி நினைத்து வாங்கினால் நஷ்டமில்லை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி: குளிர்கால இரவில் அதை வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

டென்ட்ரோபியத்துக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. கடைகளில் கிடைக்கும் கலப்பினங்கள் பலவற்றின் மூதாதை வடக்கு ஆஸ்திரேலியாவின் வெக்கையில் வளர்ந்த செடி. கல்யாண வரவேற்பு மேடையில் செருகியிருக்கும் ஊதா-வெள்ளைப் பூ இந்த வகைதான். தாய்லாந்தில் நிழல்வலைக்குக் கீழே ஏக்கர் கணக்கில் விளைவிக்கிறார்கள். பாங்காக் புழுக்கத்தில் பூப்பது நம் ஊரில் பூக்காதா என்ன? இதன் ஒரு கொத்து, ஃபெலனாப்சிஸ் அளவுக்கு வாடாமல் நிற்காது. ஆனால் செடி தேறிவிட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூக்கும்.

வெளிச்சத்தில் மட்டும் ஃபெலனாப்சிஸ் ஜெயிக்கிறது. நேர் வெயில் படாத கிழக்கு ஜன்னலே அதற்குப் போதும். டென்ட்ரோபியத்துக்குக் காலை வெயிலும் அதன்பின் 50 சதவீத நிழல்வலையும் வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் அழகு என்று நினைக்காதீர்கள், வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இளம்பச்சைதான் சரி.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் பெரிய கதை. டென்ட்ரோபியம் தண்டில் நீரைச் சேமித்துக்கொள்ளும், இரண்டு நாள் மறந்தால் மன்னிக்கும். ஃபெலனாப்சிஸுக்கு அந்தத் தண்டு இல்லை. அதைவிட ஆபத்து, அதன் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்குவது. ஐப்பசி மழை நாளில் சாயங்காலம் தலையோடு ஊற்றினேன். ஒரு வாரத்தில் குருத்து கையோடு வந்துவிட்டது. காலையில், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். வேர் வெள்ளி நிறமானால் தாகம், பச்சையாக இருந்தால் பொறுங்கள். இரண்டுக்குமே மண் ஆகாது. அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் பக்கத்தில் ஓட்டை போட்ட மண்சட்டியும் போதும். தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதானால் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, உப்பு போக அலசுங்கள். போர் தண்ணீரின் உப்பு வேர் நுனியைக் கருக்கும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் உத்தமம். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வாரம் ஒருமுறை தருகிறேன்.

வாண்டா என்ற இன்னொரு ஆர்க்கிட்டையும் கேட்பீர்கள். வெறும் வேரோடு தொங்கும், தினமும் நனைக்க வேண்டும், சித்திரையில் இரண்டு வேளை. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம். நம் காடுகளில் மரத்தில் ஒட்டி வளரும் வாண்டா டெஸ்ஸல்லாட்டா அழகுதான், ஆனால் அதைப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள்.

கடைசியாக, டென்ட்ரோபியத்தின் இலை உதிர்ந்த தண்டை வெட்டாதீர்கள். அதுவும் பூக்கும். ஊரிலிருந்து வந்த அத்தை "காஞ்ச குச்சியை ஏன் வச்சிருக்கே?" என்று ஒன்றை ஒடித்தே போட்டுவிட்டார். அதை எடுத்து ஈரத் தேங்காய் நார் மேல் படுக்கவைத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கணுவில் ஒரு குட்டிச்செடி எட்டிப்பார்த்தது. வேர் விரல் நீளம் வந்ததும் பிரித்து, அத்தைக்கே கொடுத்தனுப்பினேன்.