சாயரின் நிம்ஃப் கட்டும் பெட்டி: இறகு அருமை, கம்பி தடிமன்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காப்பாளராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய 'ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்', நீருக்கடியில் நீந்தும் மே ஈயின் இளம்பருவத்தைப் போலத் தோன்றி டிரவுட் மீனை ஏமாற்றும், தூண்டில் முள்ளில் இறகும் கம்பியும் சுற்றிக் கட்டப்படும் செயற்கைப் பூச்சி. அதைக் கட்டுவதற்கான தொடக்கநிலைப் பெட்டி ஒன்றை வாங்கி, இதுவரை இருபது பூச்சிகள் கட்டிவிட்டேன்.

பெட்டியிலுள்ள சேவல் ஃபெசன்ட்டின் (கோழி இனப் பறவை) வால் இறகுகள் மிக நன்றாக இருக்கின்றன. செம்பழுப்பு நிற இழைகள் நீளமாகவும், முறுக்கும்போது அறுந்துபோகாத அளவுக்கு உறுதியாகவும் உள்ளன. குறை கம்பியில்தான். சாயரின் முறையில் நூலே கிடையாது. மெல்லிய செப்புக் கம்பியே முள்ளின் மீது சுற்றப்பட்டு, மார்புப் பகுதியில் சிறு திமிலாக உயர்ந்து, பின்னர் நான்கு இழைகளோடு சேர்த்து முறுக்கப்பட்டு உடலாகிறது, பூச்சியை மூழ்கடிக்கும் எடையையும் அதுவே தருகிறது. இந்தப் பெட்டியின் கம்பியோ தடிமனாக இருப்பதால், 16ஆம் எண் முள்ளில் (எண் கூடக்கூட முள் சிறியது) திமில் உருண்டு திரண்டு, பூச்சி வண்டைப் போலாகிவிடுகிறது. பழைய மின்மாற்றியிலிருந்து உருவிய கம்பியைப் பயன்படுத்திய பிறகே உடல் ஒல்லியாக அமைந்தது.

முள்ளைக் கவ்வும் வைஸ் 14ஆம் எண்ணுக்குப் போதுமானது. அதைவிடச் சிறிய முள் நழுவுகிறது. கால்கள் வைக்கும்படி கூறும் செய்முறைத் தாளைப் பின்பற்ற வேண்டாம், நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி வைத்திருக்கும் என்பதாலேயே சாயர் அவற்றைத் தவிர்த்தார். இறகுகளுக்காக மட்டும் வாங்கலாம்.