“ஆய்வுக்கு மாணவர்கள் தேவை, பணம் தரப்படும்”: பினாங்கு மாணவர்கள் கவனத்துக்கு

பினாங்கில் அறிவியல், பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். “பொறியியல் மாணவர்களின் சிந்தனைத் திறன் பற்றிய ஆய்வு, மூன்று அமர்வு, முடிந்ததும் 240 வெள்ளி” என்று ஒரு போஸ்டர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. பிடிபிடிஎன் கல்விக்கடன் பணம் கரைந்துபோன செமஸ்டர் கடைசியில்தான் அது வரும். நானும் என் வகுப்புத் தோழர்கள் சிலரும் போனோம். இன்றுவரை ஒரு காசு வரவில்லை.

இடம், பாயான் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரு கறுப்புப் பேனா. கொடுத்த கணக்குகள் எல்லாம் நிலையியல், வெப்ப இயக்கவியல். ஒவ்வொரு படியையும் விளக்கத்தோடு எழுத வேண்டும், படம் போட்டு விசைகளைக் குறிக்க வேண்டும். எழுதி முடித்த தாளை அங்கிருந்த பெண் உடனே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். எப்படி யோசித்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. விடை தப்பாக இருந்தால் மட்டும் “திருத்தி எழுதுங்கள்” என்றார். சிந்தனையை ஆராய்கிறவருக்குத் தப்பான விடைதானே முக்கியம்? அவர்களுக்கு வேண்டியிருந்தது சரியான விடைகளின் தொகுப்பு. ஆய்வு என்பது வெறும் பெயர்தான் என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாம் அமர்வுக்குக் கூப்பிடவே இல்லை. கேட்டதற்கு, “மூன்றும் முடித்தால்தான் பணம், போஸ்டரிலேயே போட்டிருக்கிறதே” என்று பதில். அப்புறம் குழுவிலிருந்தே எங்களை நீக்கிவிட்டார்கள். எங்கள் அடையாள அட்டையின் இரண்டு பக்க நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பணத்தைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

முறையான ஆய்வு இப்படி இருக்காது. தொடங்குமுன் ஒரு தகவல் தாள் தருவார்கள். யார் நடத்துகிறார்கள், எதற்காக, எவ்வளவு நேரம், உங்கள் விவரம் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். படித்த பிறகுதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து. நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணும் இருக்கும். யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றால் அது ஜேபெம் என்ற மனித ஆய்வு நெறிமுறைக் குழு. நடுவில் விலகலாம், யாரும் தண்டிக்க முடியாது. அதனால்தான் பல அமர்வுகள் உள்ள நல்ல ஆய்வுகளில் வந்த அமர்வுக்கு ஏற்ப பணத்தைப் பிரித்துத் தருவார்கள். முழுப் பணத்தையும் கடைசிவரை பிடித்துவைத்தால், விலகும் உரிமை பேச்சளவில்தான்.

“பதிவுக் கட்டணம்” என்று யாராவது பணம் வாங்கியிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு எண்ணை, தொலைபேசி எண்ணை, மோசடிப் புகார் உண்டா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். நாங்கள் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டோம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவம் 198 நிரப்பி நாமே வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் யார் மேல் போடுவது என்று தெரிய, பதிவான நிறுவனப் பெயர் வேண்டும். எங்களிடம் அது இல்லை. அந்தப் பாயான் பாரு கடைவீட்டுக்குப் போய் வந்தவர்கள் யாரிடமாவது நிறுவனப் பெயர் போட்ட ஒரு தாளோ ரசீதோ இருந்தால், தயவுசெய்து படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.