அல்கார்வ் கரையில் ரிகிங் மாற்றப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

அட்லாண்டிக் கடக்கும் முன் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை, அதாவது ரிகிங்கை, போர்த்துக்கலின் தென்கரையான அல்கார்வில் மாற்றலாம் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்களிடம் ஒருவர் 5,400 யூரோ வாங்கினார். பத்துக் கம்பியில் ஒன்பதை மாற்றிவிட்டு, பத்தையும் மாற்றியதாகக் கையொப்பமிட்டுக் கடிதம் தந்தார். அவர் தொடாமல் விட்ட கம்பி போர்ஸ்டே. பாய்மரத்தை அணியப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், இழுத்துப் பிடிக்கும் கம்பி அதுதான். அது அறுந்தால் மரம் பின்பக்கம் சரியும். பின்பக்கத்தில்தான் நாங்கள் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் இரண்டு பேர்தான், நானும் கணவரும். 1998இல் கட்டிய 38 அடிப் படகு. இவருடைய ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பிறகு, அந்த ஊர் ஆட்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கடலை ஒருமுறை கடந்துவிட வேண்டும் என்பது முப்பது வருட ஆசை. எனக்கு அது கலியாணத்துக்குப் பிறகு தொற்றிக்கொண்டது.

பிஸ்கே குடாவைக் கடந்து ஆகஸ்ட் 20இல் ஸ்பெயினின் அ கொரூஞ்ஞாவில் இறங்கினோம். அங்கிருந்து தெற்கே வந்த ஆறு கிழமையை நான் மறக்க மாட்டேன். நோர்ட்டாடா என்று போர்த்துக்கீசர் சொல்லும் வாடைக்காற்று மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும். அதனால் விடியற்காலையில் நங்கூரம் தூக்கி இரண்டு மணிக்குள் அடுத்த துறைக்குள் போய்விடுவோம். பல காலைகளில் படகின் அணியமே தெரியாத மூடுபனி. 2020இலிருந்து அந்தக் கடலில் ஓர்க்காக்கள் பாய்ப்படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கின்றன. கரையை ஒட்டி, ஆழம் குறைந்த தண்ணீரில் போகச் சொல்கிறார்கள். போனால் அங்கே வழி முழுக்க நண்டுக்கூடும் கணவாய்ப் பானையும் கட்டிய மிதவைகள். ஒரு கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றினால் அன்றைய பயணம் முடிந்தது. இவர் அணியத்தில் நின்று கையைக் காட்ட, நான் அந்தப் பக்கம் திருப்புவேன். பெனீஷில் சாளை சுடும் மணம் படகுக்குள் வந்தது. சீனெஷில் வாஸ்கோட காமாவின் சிலைக்குக் கீழே இரண்டு இரவு நங்கூரத்தில் கிடந்தோம். அவர் பிறந்த ஊர் அது.

அவசரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம். போர்த்துக்கல், ஸ்பெயின், கனேரித் தீவுகள் எல்லாம் ஒரே கணக்கு. அல்கார்வுக்கு வந்தபோது 43ஆம் நாள். கம்பிகளின் வயது பதின்மூன்று. பத்து வருடம் தாண்டினாலே காப்புறுதிக்காரர் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். சமுத்திரம் கடப்பதென்றால் எல்லாம் புதிது என்று, கம்பி வேலை செய்யும் ரிகரின் கடிதம் வேண்டும் என்று எங்களுடையவர்கள் எழுதிவிட்டார்கள்.

பக்கத்துப் படகுக்காரர்தான் இந்த ஆளைக் காட்டினார். நல்ல ஆங்கிலம், அமைதியான பேச்சு. எத்தனை நாள் மிச்சம் என்று அவரே கேட்டார். நாங்களும் உள்ளதைச் சொன்னோம். பாதிக் காசு முன்பணம், பத்து நாளில் வேலை முடியும் என்றார். பில் இல்லாமல் செய்தால் 23 வீத வரி மிச்சம் என்றார். அதற்கு நாங்கள் சரி சொன்னோம். அது தவறு. அதை மறைத்து இந்தப் பதிவை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பிறகு எங்கள் கையைக் கட்டிப்போட்டது அதுதான்.

பத்து நாள் மூன்று கிழமையானது. கடைசி இரண்டு நாள், மேலே ஆள் வேலை செய்யும்போது கீழே நிற்பது ஆபத்து, எங்காவது போய் வாருங்கள் என்றார். பஸ் ஏறிச் சாக்ரெஷுக்குப் போய் முனையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது மரத்தின் இரண்டு பக்கமும் புதுக் கம்பிகள் பளபளத்தன. கடிதத்தில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனி வரியில் இருந்தது. “போர்ஸ்டே, 8 மி.மீ., புதியது” என்று ஒரு வரி. மிச்சக் காசைக் கொடுத்தோம். அன்று 64ஆம் நாள்.

ஏன் அந்த ஒன்றை மட்டும் விட்டார் என்பது படகுக்காரருக்கு உடனே புரியும். முன்பாய் சுருளும் ஃபர்லரின் அலுமினியக் குழாய்க்குள்தான் அந்தக் கம்பி ஓடுகிறது. வெளியே தெரியாது. மாற்ற வேண்டுமென்றால் குழாயையே இறக்கி, துறையில் நீட்டி வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு முழு நாள் வேலை.

அல்கார்வின் லாகோஷிலிருந்து ஐந்து நாள் ஓடி ஒக்டோபர் 31இல் கனேரியின் லா கிரசியோசாத் தீவில் நங்கூரம் போட்டோம். நல்ல காற்று, இரவெல்லாம் முன்பாய் விரித்தே வந்தோம். அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. அடுத்த நாள் காலை ஃபர்லரின் அடி உருளைக்குக் கிரீஸ் போடக் குனிந்தேன். உருளைக்குக் கீழே, கம்பியைப் படகோடு பிடிக்கும் ஆணி கழராமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னைச் சுற்றி நீல டேப் இருந்தது. வெயிலில் வெளுத்து, ஓரத்தில் பசை கறுத்துப்போன டேப். நுனி அவிழாமல் இருக்க நான் எப்போதும் கடைசிச் சுற்றை உள்ளே மடித்து ஒட்டுவேன். அந்த மடிப்பும் அப்படியே இருந்தது.

“இஞ்சேருங்கோ, இங்க ஒருக்கா வாங்கோ. இது நான் இங்கிலாந்தில, ஹாம்பிளில வச்சுச் சுத்தின டேப்.”

“வடிவாப் பாரும்.”

“பாத்திட்டுத்தான் சொல்லுறன். இதைக் கழட்டாம எப்பிடிக் கம்பியை மாத்தினவங்கள்?”

இவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஏறிப் பாக்கிறீரோ?” என்றார்.

எடை குறைவு என்பதால் மரம் ஏறுவது எப்போதும் நான்தான். இவர் கயிறு இழுக்கும் வின்ச்சைச் சுற்ற, 16 மீற்றர் மேலே போனேன். கம்பி குழாயிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு சாண் மட்டும் தெரியும். அதற்கு மேலே, கம்பியை அழுத்திப் பிடிக்கும் ஸ்வேஜ் முனையின் வாயில் பழுப்புக் கறை வழிந்திருந்தது. விரலால் தடவினேன். கையுறையைத் துளைத்துக் குத்தியது. பத்தொன்பது இழையில் ஒன்று அறுந்து, தூண்டில் முள் போல வெளியே வளைந்து நின்றது. படம் எடுத்தேன். கை நடுங்கியதில் முதல் மூன்று படமும் தெளிவில்லை.

ஆளைக் கூப்பிட்டோம். முதல் தடவை எடுத்தார். உப்புக் கறையாக இருக்கும், பயப்படாதீர்கள் என்றார். படங்களை அனுப்பினோம். பார்த்ததற்கான நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மர உச்சியிலிருந்து வரும் ஸ்பின்னேக்கர் கயிற்றைப் போர்ஸ்டேக்குத் துணையாக அணியத்தில் கட்டி இறுக்கி, முன்பாயை விரிக்காமல், பெரிய பாயைச் சுருக்கிக்கொண்டு கிரான் கனேரியாத் தீவின் லாஸ் பால்மாஸுக்கு வந்தோம். நவம்பரில் அந்தத் துறை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். 1986இலிருந்து நடக்கும் ஏஆர்சி என்ற பாய்ப்படகு ஓட்டம், கரீபியனின் சென் லூசியாவுக்கு 2,700 கடல்மைல், அங்கிருந்துதான் கிளம்புகிறது. ரிகர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஏழு நாள் காத்திருந்த பிறகு ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வந்தார். கம்பியை இறக்கி எங்கள் கண் முன்னால் முனையை அறுத்துக் காட்டினார். உள்ளே இன்னும் இரண்டு இழை போயிருந்தது. 1,150 யூரோ, பில்லோடு. கொலம்பஸின் பிண்டா கப்பலுக்கு 1492இல் சுக்கான் பழுதாகி இந்தத் தீவில்தான் திருத்தினார்கள் என்று வேலை செய்துகொண்டே சொன்னார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

காப்புறுதிக்காரருக்கு நடந்ததை எழுதிப் புதுப் பில்லையும் அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

போர்த்துக்கலில் ஒவ்வொரு கடையும் தொழிலகமும் சட்டப்படி புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இணையத்திலும் பதியலாம். 15 வேலை நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். நாங்கள் பதிந்தோம். போர்ஸ்டேயை மாற்றச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை என்று பதில் வந்தது. அவருடைய கையொப்பத்தோடு அந்த வரி எங்களிடம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு காசு, எதற்கெல்லாம் கொடுத்தோம் என்று காட்டப் பில் இல்லை.

அந்தக் கரையில் வேலை கொடுக்கிறவர்கள், கழற்றிய பழைய கம்பி முழுவதையும் உங்கள் படகின் மேல்தளத்தில் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். எண்ணிப் பாருங்கள். ஃபர்லரைக் கீழே இறக்கும் நாளில் எவ்வளவு நயமாகச் சொன்னாலும் துறையை விட்டுப் போகாதீர்கள். மிச்சக் காசு கொடுக்கும் முன் உங்களில் ஒருவர் மேலே ஏறி ஒவ்வொரு முனையையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஃபத்தூரா என்று கேட்டு வரி எண்ணோடு பில் வாங்குங்கள். எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

88ஆம் நாள் ஸ்பெயினை விட்டுக் கிளம்பினோம். இதை கேப் வெர்டேயின் மின்டேலோவிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் இங்கிருந்து கடப்பதாக இருக்கிறோம். புகார் இன்னும் முடியவில்லை. அதுவரை பெயரைப் பொதுவில் போட முடியாது. அல்கார்வில் இப்போது படகோடு நிற்கிறவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.